டப்பாவின் மேல் நகரும் அம்பு

அக்கா,

இதை எழுதும்போது நீ பக்கத்தில் தூங்குகிறாய். போர்வைக்குள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். அடுத்த அறையில் அப்பா இருமினாலே டார்ச்சை அணைத்துவிடுகிறேன்.

புவியீர்ப்பு என்பது வளைந்த காலவெளியின் வடிவியல்தான் என்று என் நோட்டில் நான் எழுதியதை உன் கட்டுரையாகப் போட்டிக்கு அனுப்பினாய். நான் அழுதபோது, "பாருங்கப்பா, என்னோடதைப் பாத்து எழுதிட்டு என்னையே திருடிங்கிறா. இவளுக்கு ஏழாம் வாய்ப்பாடே தடுமாறும்!" என்றாய். கன்னத்தில் அடி விழுந்தது எனக்குத்தான். நீ சாப்பிட்டுக்கொண்டே இருந்தாய்.

பந்தின் மேல் ஓர் அம்பைத் திருப்பாமல் நகர்த்தி, முக்கோணமாகச் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்தால், அது வேறு பக்கம் பார்க்கும். பந்தின் பரப்பு வளைந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அது சரி. ஆனால் உருளை வடிவப் பவுடர் டப்பாவிலும் அப்படியே நடக்கும் என்று அந்த நோட்டில் எழுதியிருந்தேனே, அது தப்பு. டப்பாவின் மேல் காகிதத்தைச் சுருக்கம் விழாமல் சுற்றலாம், பந்தில் முடியாது. கணக்குப்படி டப்பா தட்டைதான். அம்பு பழைய திசையிலேயே வந்து நிற்கும்.

நோட்டை நீ எடுத்துக்கொண்ட மறுநாளே இதைக் கண்டுபிடித்தேன். டப்பாவுக்காக நீ சிவப்புக் காகிதத்தில் அம்பு வெட்டியபோதும் வாயைத் திறக்கவில்லை.

இந்தக் கடிதத்தை உன் சார்ட்டுக்குள் வைத்துச் சுருட்டப்போகிறேன். நாளை போட்டி மேடையில் விரிக்கும்போது படிப்பாய். நடுவர்கள் உன் கையிலிருக்கும் டப்பாவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்தால் எனக்கு என்ன நடக்கும் என்று தெரியும். பயமாகத்தான் இருக்கிறது.

தலையைத் தூக்கிப் பார். முதல் வரிசையில் கேள்வி கேட்க எழுந்து நிற்பது நான்தான்.

உன் தங்கை