ஞாயிற்றுக்கிழமைகளில் ஒழுங்காகத் தூங்கிய பெட்டி

செங்கல்பட்டு
மார்ச் 24, செவ்வாய்

அன்புள்ள பார்த்திபனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் உடம்பு, சாப்பாடு, அந்த ஊர்ப் பனி எல்லாம் எப்படி என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், கேட்டுவிட்டேன். இங்கே நாங்கள் நலமா என்பதை நீதான் எனக்குச் சொல்ல வேண்டும், இந்த வீட்டைப் பற்றி என்னைவிட உனக்கு அதிகம் தெரிந்திருக்கிறது. இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஹாலுக்குப் போய், நீ காலேஜ் படிக்கும்போது பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்து டிவியையே திரையாக இணைத்து அதற்குக் கீழே வைத்துவிட்டுப் போனாயே அந்தக் கம்ப்யூட்டர், அதன் மேல் கை வைத்துப் பார்த்தேன், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. சில்லென்று இருந்தது. அதற்குப் பிறகுதான் பால் வைத்தேன். இதை ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். போனில் சொல்லாமல் ஏன் தபாலில் எழுதுகிறேன் என்று கடைசியில் உனக்கே புரியும்.

செய்யூரிலிருந்து விஜயகுமாரி சித்தி அரை மூட்டை வேர்க்கடலை அனுப்பியிருக்கிறாள். உனக்குப் பெண் பார்க்கட்டுமா என்று கேட்கிறாள், முதலில் அவனுக்கு உண்மை பேச வரட்டும் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. சித்தியைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியது இருக்கிறது. முதலில் அந்தப் பெட்டி. ஜனவரிக் கடைசியிலிருந்து ஏழு வாரமாக நான் உன்னிடம் ஒரே புகாரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் அப்பா எட்டு மணிக்கு டப்பா எடுத்துக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்புகிறார், நான் ஒன்பதேகாலுக்குக் கிளம்புமுன் அதை ஸ்லீப்பில் போட்டு, விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்டுகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தால் டிவி அணைந்திருக்கிறது, கீழே பெட்டி மட்டும் ஃபேன் சுற்றச் சுற்ற விழித்துக்கொண்டிருக்கிறது. அடுத்த வீட்டு வேண்டா வேறு, “இன்னாக்கா, பகல்ல வூட்ல ஆளே இல்லன்ற, உள்ள பாட்டு கேக்குது. யாரை வெச்சிக்கினு கீற?” என்று மாடிப்படியில் நின்று சிரிக்கிறாள். நானும் சிரித்துவிட்டு அதையும் உன்னிடம் சொன்னேன். பார், அது தானாகவே எழுந்து பாடுகிறது என்று. என்னைப் போல ஒரு மடச்சி உண்டா.

நீ என்ன சொன்னாய். தெருவில் லாரி போனால் மவுஸ் அசைந்து எழுப்பிவிடும், அது எழுப்பாதபடி டிக்கை எடு என்றாய். எடுத்தேன். கீபோர்டு என்றாய், எடுத்தேன். நெட்வொர்க் கார்டு, இரவு அப்டேட்டுக்காக எழுப்பும் டைமர், எல்லாவற்றையும் நீ சொன்ன வரிசையில் நோட்டில் எழுதி வைத்து ஒவ்வொன்றாக அணைத்தேன். எதுவும் சரியாகவில்லை என்றதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ம்மா, நீ ஸ்லீப்ல போட மறந்திருப்பம்மா” என்றாய். அன்று அப்பா சோபாவில் உட்கார்ந்து, “இன்னா சுஜா, உங்கம்மா மாதிரி உனக்கும் ஆரம்பிச்சிடுச்சா?” என்றார். என் அம்மா கடைசி மூன்று வருடம் என்னை யாரென்று தெரியாமல் இருந்தது உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியாது. கேஸை மூடினேனா என்று பாதி வழியில் ஆட்டோவைத் திருப்பி வந்திருக்கிறேன், இரண்டு முறை. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே நரம்பு டாக்டரிடம் யாருக்கும் தெரியாமல் போனேன். நோயாளியின் பெயர், வயது, என்ன தொந்தரவு என்று பதினோரு வருடமாக மற்றவர்களுக்கு எழுதுகிற கையால் சுஜாதா, 47, மறதி என்று எழுதினேன். அவர் நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லச் சொன்னார். தப்பில்லாமல் சொன்னேன். வெளியே வந்து பாத்ரூமில் நின்று அழுதேன், சந்தோஷத்தில் இல்லை, அப்படியானால் வேறு என்ன கோளாறு என்ற பயத்தில்.

போன சனிக்கிழமை லீவு போட்டு அதை ஆட்டோவில் வைத்து பஜாரில் ஷபீர் கடைக்கு எடுத்துப் போனேன். அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை. “மெஷினுக்கு ஒண்ணியும் இல்லக்கா. பேய் இன்னா கம்ப்யூட்டர்ல வந்து படமா பாக்கும்? எப்ப முழிச்சிது, எதால முழிச்சிதுன்னு அதுவே கணக்கா எழுதி வெச்சிகினு கீது, பாரு” என்று ஒரு பட்டியலைத் திறந்து காட்டினான். பார்த்தி, உன் தொழில் எனக்குத் தெரியாது, ஆனால் பட்டியல் படிப்பது என் தொழில். வந்த நேரம், வந்த காரணம். முதல் வாரங்களில் காரணம் கீபோர்டு என்று இருந்தது. நீ சொல்லி அதை நான் அணைத்த மறுநாளிலிருந்து பவர் பட்டன். காலை 10.42, 10.38, 10.51. திங்கள் முதல் சனி வரை தினமும். ஞாயிற்றுக்கிழமைகளில் பகலில் ஒன்றும் இல்லை, ஜுரம் என்று நான் வீட்டில் படுத்திருந்த இரண்டு நாளும் இல்லை. நான் வீட்டில் இருந்தால் அது ஒழுங்காகத் தூங்குகிறது. லாரி போய் பவர் பட்டனை அழுத்தாது. அதற்கு ஒரு விரல் வேண்டும். நீ எனக்குச் சொன்ன வைத்தியமே மற்ற வழிகளையெல்லாம் அடைத்து அந்த விரலை மட்டும் மிச்சம் வைத்தது.

ஆட்டோவில் திரும்பும்போதே உனக்குப் போன் செய்து சொன்னேன். எந்த லிஸ்ட் என்று இரண்டு முறை கேட்டாய். பிறகு, “அந்த லிஸ்ட்டெல்லாம் பாக்காதம்மா, தப்பா காட்டும்” என்றாய். ஏழு வாரத்தில் நீ என்னை ஒன்றைப் பார்க்காதே என்று சொன்னது அதுதான் முதல் முறை. அதனால் மறுநாள் அப்பா கறி வாங்கப் போனபோது மற்றதையும் பார்த்தேன். ‘அப்பா ஃபைனல் 3’ என்று ஒரு பயோடேட்டா. காசிநாதன், 53, டெஸ்பாட்ச் பிரிவில் இருபத்திரண்டு வருடம், ஜனவரி 20 வரை. மாமல்லபுரம் பக்கம் ஏதோ ரிசார்ட்டில் ஸ்டோர் கீப்பர் வேலைக்கு ஒரு விண்ணப்பம், உன் இங்கிலீஷில். நீயும் அவரும் வீடியோவில் பேசிய அழைப்புகள், எல்லாம் பதினோரு மணிக்கு மேல், பதினேழு. ஒன்றாம் தேதி சம்பளம் என்று அவர் என் கையில் கொடுத்தது யார் பணம் என்று நான் கேட்கப் போவதில்லை.

வேலை போனதற்கு எனக்குக் கோபமில்லை. அதை என்னிடம் சொல்ல அவருக்கு வாய் வராமல் போனதற்கு நானும் ஒரு காரணம், அதை ஒத்துக்கொள்கிறேன். சித்தப்பா இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்தபோது சித்தி எதிரிலேயே, ஆம்பளை பகலில் வீட்டில் உட்கார்ந்தால் அந்த வீட்டுக்குள் நுழையவே பிடிக்கவில்லை என்று சொன்னேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை இந்த இரண்டு நாளாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஆனால் உன் மேல் இருக்கிற கோபம் அதனால் குறையவில்லை. டிவியை ரிமோட்டில் அணைத்தால் எல்லாம் அணைந்துவிட்டது என்று நினைக்கிற மனிதர் அவர். கீழே இருக்கிற பெட்டியையும் தூங்க வைத்துவிட்டுப் போ என்று அவருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அது உனக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்கு மறதி என்று சொல்வது உனக்கு அதைவிடச் சுலபமாக இருந்தது. அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற என் புத்தியைக் கொடுத்தாய். அவர் சொன்னாரா, நீயாகச் சொன்னாயா என்று எனக்குத் தெரிய வேண்டாம். இனிமேல் என்னிடம் எதையாவது மறைக்க வேண்டுமானால் மறை, என்னையே நான் சந்தேகப்படும்படி செய்யாதே. இதை நான் இரண்டாவது முறை எழுத மாட்டேன்.

ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது. அடுப்பின் மேல் நான் குழம்பு வைத்துவிட்டுப் போகிறேன். தினமும் அது வைத்தபடி இருக்கிறது. சொந்த வீட்டில், அடுப்புக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து, டப்பாவில் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, நான் வருமுன் வெளியே போய் ஸ்டேஷனிலோ எங்கேயோ உட்கார்ந்துவிட்டு, ஏழு மணிக்கு வேலையிலிருந்து வருகிறவர் போல வருகிறார்.

நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு பனியில் போகாதே, கோபத்தில் எழுதினாலும் உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்றுதான் தினமும் விளக்கேற்றுகிறேன். வாடகை வீட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறந்துவிடாதே, மறதி உனக்குத்தான் இருக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும் என்று தபால் ஆபீசில் சொன்னார்கள். அதற்காகத்தான் தபால், போனில் சொன்னால் அடுத்த நிமிடம் அவரை உஷார்ப்படுத்திவிடுவாய். இன்னும் யாரிடமும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன், நீ படிக்கும்போது அது நடந்து முடிந்திருக்கும். வியாழக்கிழமை அரை நாள் லீவு போடப் போகிறேன். பன்னிரண்டரைக்கு வீட்டுக்குப் போவேன். என்னிடம் சாவி இருக்கும், ஆனால் போட்டுத் திறக்க மாட்டேன். பெல் அடித்துவிட்டு, அவர் எழுந்து வந்து திறக்கிற வரைக்கும் வெளியே நிற்பேன். பிறகு குழம்பைச் சூடு பண்ணுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சுஜாதா