பூட்டிய அறைக்கு எண்ணெய்

அன்பு மகளுக்கு,

கார் நிறுத்த இடம் கேட்டால்கூடக் கொடுக்கிற கடவுள், உன்னைப் பற்றி உன் அப்பாவிடம் ஒரு வார்த்தையும் கேட்காதது ஏன்?

வாழ்க்கையில் ஒரு மூலையைக்கூட ஆண்டவருக்குக் கொடுக்காமல் வைக்கக் கூடாதாம். பாஸ்டர் சொன்னதிலிருந்து ஃபிரிட்ஜ் வாங்கக்கூட உபவாசம்தான். குழாய் ஒழுகினால் உன் அப்பா ஜெபம் செய்வார். பிளம்பரைக் கூப்பிடுவது நான்.

இன்று பாஸ்டரோடு வீடு முழுக்க நடந்து, ஒவ்வொரு கதவு நிலையிலும் ஜெப எண்ணெய் பூசி, அறை அறையாக ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தார். பாத்ரூமும் தப்பவில்லை. உன் அறையை மட்டும் தாண்டிப் போனார்.

"இது யார் ரூம், பிரதர்?"

"சும்மா, தட்டுமுட்டுச் சாமான், பாஸ்டர்."

நீ உன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்ட அன்று உன் அப்பாவே பூட்டிய அறை.

பாஸ்டர் போனதும் உன் அப்பாவிடம் கேட்டேன். "பாத்ரூமுக்குக்கூட வர்ற ஆண்டவர், மக ரூமுக்கு வரமாட்டாராங்க?"

"உனக்கு விசுவாசம் கிடையாது. பேசாத."

குழந்தையோடு வரலாமா என்று கேட்டிருந்தாயே, வராதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை, பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

இது மறுநாள் எழுதுவது. காலையில் உன் அப்பா அந்த ஜெப எண்ணெயை உன் அறைப் பூட்டுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பூட்டையும் ஒப்புக்கொடுக்கிறீங்களா?" என்றேன்.

"துருப்பிடிச்சுக் கெடக்கு, சாவி திரும்பல" என்றார், என்னைப் பார்க்காமல். "போய்த் துடைப்பம் எடுத்துட்டு வா."

ஜெபம் எதுவும் செய்யவில்லை. அரை பாட்டில் தீர்ந்த பிறகு சாவி திரும்பியது.

அம்மா