வேறு விபரங்கள்

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் உஷாந்திக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், இந்த வீட்டில் சுகமில்லாதது லிஃப்ற் ஒன்றுதான், அது மூன்று கிழமையாக நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுகொண்டு ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்கிறது. நீயும் மருமகனும் அந்தக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலில் நெய்விளக்கு ஏற்றுகிறா. வட்ஸ்அப் இருக்க இந்த மனுஷன் ஏன் கடதாசியும் பேனையுமாக இருக்கிறார் என்று யோசிப்பாய். போனில் இதைக் கதைக்க எனக்கு விருப்பமில்லை. இந்தக் கிழவன்ர கதையை ஆர் ஒட்டுக்கேட்கப் போகினம் என்று அம்மா சிரிக்கிறா, அது சரிதான், ஆனால் என் நாக்கு போனைக் கண்டால் மழையையும் சாப்பாட்டையும் பற்றி மட்டும் கதைக்கப் பழகிவிட்டது. அதோடு போனில் சொன்னால் நீ அந்த நிமிஷமே ஏசத் தொடங்குவாய். கடிதம் நோர்வேயில் பேர்கனுக்கு வந்து சேர எப்படியும் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும், அதுவரைக்கும் நான் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

தாரிகா ஏன் முந்தி மாதிரி வீடியோவுக்கு வந்து கதைக்கிறதில்லை என்று இரண்டு தரம் கேட்டாய். வேலை கூட என்று நான் சொன்னது பொய். அந்தப் பிள்ளை உன்னுடைய அறைக்கு வாடகைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. முல்லைத்தீவில் இருந்து வந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கிற வேலை செய்துகொண்டு, எங்களுக்குப் பிறஷர் பார்த்து, அம்மாவின் போனில் அம்மா தவறுதலாக அழிக்கிறதை எல்லாம் திருப்பி எடுத்துக் கொடுத்துக்கொண்டு இருந்தவள் என்று உனக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக்குப் போய், காணாமற்போன பிள்ளைகளின் தாய்மாருக்கு மனு எழுதிக் கொடுக்கிறவள் என்பதும் தெரியும், நீதான் முதலில் கண்டுபிடித்து எனக்குப் பெருமையாகச் சொன்னாய். அவளுடைய சொந்தத் தமையனும் யுத்தத்தின் கடைசி மாதத்தில் காணாமற்போனவன். இப்போது அவள் என்னோடு தேவைக்கு மட்டும்தான் கதைக்கிறாள், அதற்கு முழுக் காரணமும் உன் அப்பாவின் கையெழுத்து.

ஓ.எல். சோதனையில் இரண்டு தரம் விழுந்தவன் என்றாலும் படிவம் நிரப்புகிறதில் இந்தத் தொடர்மாடியில் என்னை வெல்ல ஆள் இல்லை. புறக்கோட்டையில் ஏகப்பன் முதலாளியின் இரும்புக்கடைக் களஞ்சியத்தில் முப்பத்தொரு வருஷம் துண்டு எழுதின கை இது. பாஸ்போட்டுக்கும் பள்ளிக்கூட அனுமதிக்கும் பென்சனுக்கும் ஆறு மாடிச் சனமும் என்னிடம்தான் வரும். பொலிஸ் வீட்டுக்கு வீடு கொடுக்கிற குடியிருப்பாளர் படிவத்தை எல்லாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுத, நான் மேசையைத் துடைத்து, கண்ணாடியைத் துடைத்து, கலியாண எழுத்துக்குப் போகிறவன் மாதிரி இருந்து எழுதுவேன். தொண்ணூறுகளில் இருந்து கொடுத்த ஒவ்வொன்றுக்கும் போட்டோக் கொப்பி பிஸ்கட் ரின்னில் இருக்கிறது. எமன் வந்தாலும் இந்தாள் மூன்று பிரதி எழுதிக் கையொப்பம் வைச்சுக் குடுத்திட்டுத்தான் போவார் என்று அம்மா வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவா. சிவபாதசுந்தரம் என்கிற என் பெயர் மட்டும் எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காமல் கோட்டைத் தாண்டிப் போய்விடும், அரசாங்கத்துக்கு எதிராக நான் செய்த குற்றம் இவ்வளவு காலத்தில் அது ஒன்றுதான்.

போன மாசிமாதம் வந்த படிவத்தில் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொழில் எல்லாம் எழுதி முடிய, அடியில் வேறு விபரங்கள் என்று ஒரு பெரிய பெட்டி வெறுமையாகக் கிடந்தது. வெறும் பெட்டியைக் கண்டால் எனக்குக் கை சும்மா இராது. அதில் தாரிகாவின் பெயரைப் போட்டு, நற்குணமுள்ள பிள்ளை, சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் காணாமற்போனோரின் தாய்மாருக்கு மனு எழுதிச் சமூகசேவை செய்பவர் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதினேன். ஒருவரும் கேட்கவில்லை மகள். நல்ல பிள்ளை என்று அவர்களுக்கும் தெரியட்டும், பிறகு ஒரு கரைச்சலும் வராது என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் பின்னேரம் சீருடை இல்லாமல் இரண்டு பேர் வந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா, வாங்கோ சேர் என்று பெரிய கதிரைகளைக் காட்டி, அம்மாவைத் தேத்தண்ணி போடச் சொல்லி, முழுகிவிட்டுத் தலையில் துவாயோடு நின்ற பிள்ளையைக் கூப்பிட்டு, நான் எழுதின பிள்ளை இவதான் சேர் என்று என்னுடைய புறக்கோட்டைச் சிங்களத்தில் அறிமுகமும் செய்துவைத்தேன். அவர்கள் ஒரு சத்தம் போடவில்லை, தங்கச்சி என்கிற மாதிரி நங்கி நங்கி என்று மரியாதையாகத்தான் கதைத்தார்கள், பிஸ்கட்டும் சாப்பிட்டார்கள். எந்தத் தாய்மார், எத்தனை பேர் வருவார்கள், ஆர் ஒழுங்கு செய்கிறது, வெளிநாட்டில் இருந்து ஆரும் வந்து சந்திக்கிறார்களா, ஊரில் அவளுடைய அம்மாவின் போன் நம்பர் என்ன என்று ஒரு மணித்தியாலம் கேட்டார்கள். தலையில் கட்டின துவாயில் இருந்து தண்ணீர் அவள் கழுத்தில் வடிந்துகொண்டே இருந்தது, அவள் துடைக்கவில்லை. அடுத்தநாள் முல்லைத்தீவில் அவளுடைய தாய்க்குப் போன் போயிருக்கிறது. பொலிசில் இருந்து கதைக்கிறோம் என்றவுடன் அந்த மனுஷி மகனைப் பற்றித் தகவல் கிடைத்துவிட்டது என்று நினைத்து, ஓம் ஐயா சொல்லுங்கோ, சொல்லுங்கோ என்று அழுதாவாம். அவர்கள் கேட்டது மகளைப் பற்றி.

தாரிகா என்னை ஏசவில்லை, ஏசியிருந்தால் ஆறியிருப்பேன். குசினி வாசலில் நின்றுகொண்டு, அங்கிள், கேட்டதுக்கு மேல ஏன் குடுத்தனீங்கள் என்று மட்டும் கேட்டாள். உங்கட நல்லதுக்குத்தான் பிள்ளை என்றேன். அதற்கு அவள், உங்கட ஒரு போமுக்கு அஞ்சு நாளில வீடு தேடி ஆள் வருகுது, எங்கட அம்மாமார் பதினைஞ்சு வருஷமா எழுதிக் குடுக்கிற போமுக்கு ஒருத்தரும் வரயில்லை அங்கிள், அதுகளையும் நீங்களே எழுதியிருக்கலாம் போல என்றாள். அம்மா அன்றைக்குச் சமைத்த கணவாய்க் கறியை ஒருவரும் தொடவில்லை. ஊரில் தாய் உடனே வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்று ஒற்றைக்காலில் நிற்கிறாவாம். அவள் வேலையை விட மாட்டேன், ஆனால் இந்த வீட்டில் இருக்க ஏலாது, மாத முடிவில் தெஹிவளைப் பக்கம் அறை பார்த்துக்கொண்டு போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். நற்குணமுள்ள பிள்ளை என்று நான் எழுதிக் கொடுத்ததால் ஒரு பிள்ளை உத்தியோகமும் இருப்பிடமும் இழக்கப் பார்த்தது. இதைச் செய்ய ஒரு எதிரிக்குக்கூட இவ்வளவு மினக்கெட வேண்டியிருந்திராது.

நான் ஏன் இப்படி ஆனேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும், அம்மாவுக்கும் இதை நானாகச் சொன்னதில்லை. உனக்கு ஆறு மாதம், தொண்ணூற்றாறாம் ஆண்டு, பால்மா வாங்கப் போன இடத்தில் மருதானை ஸ்டேசனுக்கு வெளியே பொலிஸ்காரர் எங்களை வரிசையில் நிறுத்தி, பொலிசில் பதிந்ததற்கான துண்டு கேட்டார்கள். என்னுடைய துண்டு பிளாஸ்ரிக் உறையில் சட்டைப் பையில் இருந்தது, பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். எனக்குப் பக்கத்தில் நின்றவனிடம் துண்டு இல்லை. வாகனத்தில் ஏற்றுகிறதுக்கு முதல் அவன் தான் நின்ற லொட்ஜின் பெயரைச் சொல்லி, அண்ணை, அங்க ஒருக்காச் சொல்லி விடுங்கோ என்றான். நான் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டுப் பால்மாவோடு நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன், லொட்ஜுக்குப் போகவில்லை. போனால் நீ ஆர் அவனுக்கு என்று கேட்பார்கள் என்று பயம். அன்றையிலிருந்து அந்தத் துண்டுதான் எனக்குத் தெய்வம். அது என்னைக் காப்பாற்றியது உண்மை, அதற்கு விலையாக நான் வாயை மூடிக்கொண்டதும் உண்மை. அவன் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டேன் மகள், இத்தனை பேருடைய பெயர் எழுதினவன்.

தாரிகா அப்படிக் கேட்ட பிறகு, நீ ஒருநாள் சொன்னது நினைவுக்கு வந்தது. உங்கள் நோர்வேயில் அரசாங்கத்துக்கு எல்லாம் தெரியும், உன் சம்பளத்தைக்கூட ஊரார் தேடிப் பார்க்கலாம், ஆனால் ஆர் பார்த்தது என்று உனக்கும் அறிவித்தல் வரும் என்றாய். பார்த்தது மருமகனின் தமக்கை என்று தெரிந்து நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. அப்போது நானும் சேர்ந்து சிரித்தேனே தவிர அதன் அருமை விளங்கவில்லை. ஒரு நாட்டை நடத்துகிறவர்களுக்கு ஆர் எங்கே இருக்கிறார் என்று தெரியத்தான் வேண்டும், குண்டு வெடித்த தெருக்களில் நடந்தவன் நான், பொலிசே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னைப் பற்றிக் கேட்கிறவரிடம் நானும் ஒரு கேள்வி கேட்கலாம் என்று இந்த அறுபத்தெட்டு வயதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

அதனால் பொலிஸ் ஸ்டேசனுக்குப் போனேன். தனியாகப் போகக் கால் வரவில்லை, எங்கள் தொடர்மாடிச் சங்கச் செயலாளர் ரெனால்ட்டைக் கூட்டிக்கொண்டு போனேன், அந்தாள் கொட்டாஞ்சேனையில் பிறந்தவர், மூன்று பாசையிலும் சண்டை பிடிப்பார். நான் வெறுங்கையோடு போவேனா, பிஸ்கட் ரின்னில் இருந்த கொப்பியில் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி, கையொப்பம் வைத்து, திகதி போட்டு மூன்று பிரதி கொண்டுபோனேன். வழியெல்லாம் ரெனால்ட், என்ன ஐயா, அடி வாங்கப் போறதுக்கும் மூணு கொப்பியா என்று பகிடி. மேசையில் இருந்த அதிகாரி சின்ன வயது. இந்த வரியை நான் பிழையாக எழுதிவிட்டேன், இது என்னுடைய விபரம் இல்லை, அந்தப் பிள்ளையுடையது, அவளைக் கேட்காமல் கொடுக்க எனக்கு உரிமை இல்லை என்று சிங்களத்தில் சொன்னேன். ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதுதான், ஆனாலும் உரிமை என்ற இடத்தில் குரல் கீச்சிட்டுவிட்டது. அவர் ஆச்சரியமாகப் பார்த்து, ஆட்களின் பெயர் விபரம் கேட்க எங்களுக்குப் பழைய சட்டம் இருக்கு அங்கிள், ஆனா கொடுத்ததைத் திருத்த வந்த ஆளை இப்பத்தான் பார்க்கிறேன் என்றார். நான் விடவில்லை, என்னுடைய படிவத்தை வாசித்து ஆள் அனுப்பினது ஆர் என்று கேட்டேன். அது மேலே போயிட்டுது என்றார். மேலே என்றால் எந்த மாடி சேர் என்று கேட்டுவிட்டேன், சத்தியமாக நக்கலுக்குக் கேட்கவில்லை, எங்கள் லிஃப்ற் நினைவில் வந்துவிட்டது. ரெனால்ட் என் காலை மிதித்தார். அந்தப் பொடியன் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துவிட்டு, எனக்கும் தெரியாது அங்கிள், சுகமில்லாத அம்மாவுக்குக் கிட்ட இடமாற்றம் கேட்டு நான் எழுதின கடிதமும் இரண்டு வருஷமா அங்கதான் இருக்குது என்றார். பிறகு ஒரு கொப்பியில் பெற்றுக்கொண்டேன் என்று முத்திரை குத்தித் தந்தார். வெளியே வந்து ரெனால்ட், இதால ஒண்ணும் ஆகாது ஐயா, ஆனா மேல எந்த மாடி எண்டு கேட்டீங்களே, அதுக்கே நான் ஒரு பிளேன்டீ வாங்கித் தாறன் என்றார்.

முத்திரைக் கொப்பியைத் தாரிகாவிடம் கொடுத்தேன். மருதானைக் கதையையும் அவளிடம்தான் முதலில் சொன்னேன், அம்மா குசினிக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறா, பிறகு தெரிந்தது. தாரிகா, அந்த லொட்ஜ் எந்த ரோட்டில, எந்த மாதம் என்று மட்டும் கேட்டுத் தன் குறிப்புக் கொப்பியில் குறித்துக்கொண்டாள். சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் விசாரித்துப் பார்க்கிறாளாம். அவன் இருக்கிறானோ இல்லையோ, அவனைத் தேடுகிறவர்கள் ஆராவது இருப்பார்கள்தானே என்றாள். தெஹிவளை அறையும் சரிவரவில்லை. அந்த வீட்டுக்காரர் கேட்ட கேள்வி பொலிஸ் கேட்டதைவிடக் கூடவாம், ஆர் ஆர் போன் எடுப்பார்கள் என்றுகூடக் கேட்டாராம், அங்கிள் பரவாயில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். நான் பரவாயில்லாதவன் ஆகியிருக்கிறேன், அதுவே எனக்குப் போதும். தாய் இன்னும் பயப்படுகிறா, அதற்கு எங்களிடம் மருந்து இல்லை. திரும்பவும் ஆள் வருவார்களா என்றும் தெரியாது, இன்றுவரை வரவில்லை.

முந்தாநாள் புதுப் படிவம் வந்தது. வழக்கம்போல மேசையைத் துடைத்தேன். என்னுடையதும் அம்மாவுடையதும் எழுதி, அடுத்த வரிக்குப் பேனையைத் தாரிகாவிடம் நீட்டினேன். அவள் என்னையும் பேனையையும் பார்த்துவிட்டு, தன் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொழில் மூன்றையும் தானே எழுதினாள், அதற்கு மேல் ஒரு எழுத்தும் இல்லை. களஞ்சியத்தில் துண்டு எழுதினால் மிச்ச இடத்தில் குறுக்கே கோடு இழுத்துவிடுவோம், பிறகு ஒருவரும் ஒன்றும் சேர்க்க முடியாது. வேறு விபரங்கள் பெட்டிக்கு அந்தக் கோட்டை இழுத்தேன். வெளிநாட்டில் வசிக்கும் பிள்ளைகள் என்றும் ஒரு இடம் இருந்தது, விரும்பினால் எழுதலாம் என்று போட்டிருந்தது. நீ போன நாளில் இருந்து அதில் உன் விலாசம், வேலை, போன் நம்பர், மருமகனின் பெயர் எல்லாம் உன்னைக் கேட்காமல் ஒவ்வொரு தரமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், மகளின் பெயரை எழுதுகிற சந்தோஷத்தை விட மனம் வராமல். இந்த முறை அங்கேயும் கோடு இழுத்தேன். கை சும்மா இருக்கவில்லைத்தான், அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளம்.

வின்ரர் சப்பாத்து தேய்ந்துவிட்டது என்றாய், விழுந்து கிழுந்து போகாமல் புதிது வாங்கு. மருமகனின் தமக்கையோடு சண்டை பிடிக்காதே, திரும்பவும் உன் சம்பளத்தை ஆராவது பார்த்ததாக அறிவித்தல் வந்தால் அழிக்காமல் எனக்கு அனுப்பு, அந்தப் பொலிஸ் பொடியனுக்குக் காட்ட வேண்டும், இப்படியும் ஒரு நாடு இருக்கிறது என்று. ஏசுகிறதென்றால் கடிதத்திலேயே ஏசு, போனில் மழையைப் பற்றிக் கதைப்போம். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், எவருக்கும் பயந்து வாய் பொத்தாமல், நெடுங்காலம் வாழ எல்லாம் வல்ல பிள்ளையார் துணை நிற்பார்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
(மற்ற விபரங்கள் உனக்குத் தெரியும்)