பழைய பேப்பரை உதறிய நாள்

ஏப்ரல் 20, செவ்வாய்

பேப்பர் வந்தது. துணியால் பிடித்து எடுத்து, கிருமி போகட்டும் என்று ஜன்னல் வெயிலில் அரை மணி நேரம் காயப்போட்டேன். பேத்தி சிரிக்கிறாள். "பாட்டி, க்ளிப் போடலையா? பறந்துடப் போகுது."

எட்டு மணிக்குப் போனில் படித்துப் போட்டேன். இந்தக் கட்டடத்தில் இருபத்தாறு வீடு. டிவியைப் போட்டால் பத்து பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். போனில் வருவதோ ஆளுக்கொன்று சொல்கிறது. அதனால் கட்டடத்துக் குரூப்பில் காலையில் என் குரல்தான். முதலில் பேப்பரைப் போன் பக்கத்தில் பிடித்து ஓர் உதறு உதறுவேன். சலசலவென்று கேட்கும். பிறகுதான் ஆரம்பிப்பேன். படிக்கட்டுக்கு அடியில் துணி தேய்க்கிறவரின் மனைவி சொல்வாள்: "அக்கா, அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு நம்பிக்கையே வருது. டிவிக்காரன் வெறும் வாயால சொல்றான். நீங்க கையில வச்சுக்கிட்டுல்ல சொல்றீங்க." அவளுக்கு எழுத்து தெரியாது. எண் மட்டும் தெரியும். துணி மூட்டையில் வீட்டு எண்ணை எழுதி எழுதி வந்தது.

நானும் அஞ்சாம் வகுப்புதான். ஆனால் அந்த வகுப்பில் வாய்விட்டுப் படிப்பதில் நான்தான் முதல். இருபத்தாறு வீடு காது கொடுக்கிறது என்றால் சும்மாவா?

மகள் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற அறையில் வேலை செய்கிறாள். பதினெட்டு நாளாக அங்கேயே தங்கல். பேத்தி தூங்கும்போது நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். எனக்கே சூடாக இருந்தால் அவள் சூடு எப்படித் தெரியும்?

ஏப்ரல் 23, வெள்ளி

பேப்பர் வரவில்லை. போடுகிற ஆளுக்கே காய்ச்சலாம்.

குரூப்பில் ஒன்பது பேர் கேட்டுவிட்டார்கள். "அக்கா, இன்னைக்கு ஒண்ணும் காணோமே?" "பாட்டிம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் பால் போட வந்தவர் வாசலில் தள்ளி நின்று சொன்னது ஞாபகம் வந்தது. "காய்ச்சல் வந்து ஆறு நாள் ஆகாம ஆஸ்பத்திரிப் பக்கமே போகக் கூடாதாம்மா. முன்னாடி ஓடறவங்களுக்குத்தான் அங்க தொத்திக்குதாம். பெரிய டாக்டரே சொன்னாராம்."

அவர் இருபது தெருவுக்குப் போகிறவர். பொய் சொல்லி அவருக்கு என்ன ஆகப்போகிறது?

போனை எடுத்தேன். அலமாரித் தட்டில் விரித்திருந்த போன மாதத்துப் பேப்பரை உருவி ஓர் உதறு உதறினேன். பழக்கம். பழக்கம்தானா? பால்காரர் சொன்னதை அப்படியே, படிக்கிற குரலில் சொல்லி முடித்தேன்.

ஏப்ரல் 24, சனி

பேப்பர் வந்தது. ஆறு நாள் சமாசாரம் அதில் இல்லை. நாலு பக்கமும் இரண்டு தரம் தேடிவிட்டேன்.

ஏப்ரல் 26, திங்கள்

சம்பந்தியம்மா, மகளின் மாமியார், போன் செய்தார். "சம்பந்தி, ஒரு அம்மா பேப்பரைப் பார்த்துப் படிச்சு அனுப்பியிருக்காங்களே, கேட்டீங்களா? எங்க தெரு பூரா அதான் பேச்சு. ரிட்டயர் ஆன டீச்சராம். என்ன குரல்ங்கறீங்க!"

போட்டும் காட்டினார். முதலில் சலசல. பிறகு நான்.

படிக்கும்போது என் குரல் மாறிவிடும், அவருக்கும் காது கொஞ்சம் மந்தம். "பேத்தியை வச்சிருக்கீங்க, அதைக் கேட்டு நடந்துக்குங்க" என்று எனக்கே புத்தி சொன்னார். "சரி சம்பந்தி" என்றேன்.

டீச்சர் என்றதும் ஒரு நொடி மனசு குளிர்ந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. அடுத்த நொடிதான் உறைத்தது. அந்தத் தெரு எங்கே, நான் எங்கே? இன்னும் எத்தனை தெரு?

ஏப்ரல் 29, வியாழன்

காலையிலிருந்து கீழே இஸ்திரிப் பெட்டியின் சத்தம் இல்லை. படி இறங்கிப் பார்த்தேன். துணி தேய்க்கிறவர் கதவுக்குப் பின்னால் படுத்திருந்தார். இருமல் மட்டும் கேட்டது. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வந்தாள்.

"நேத்துலேருந்து காய்ச்சல்க்கா. நான் பயப்படல. நீங்க சொன்ன கணக்குத்தான். ஆறு முடியட்டும், கூட்டிட்டுப் போறேன்."

சுவரைக் காட்டினாள். துணிக்கு எண் போடுகிற பேனாவால் இரண்டு கோடு.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். "வெந்நீர் குடு" என்று சொல்லிவிட்டு ஏறி வந்துவிட்டேன். பால்காரர் சொன்னது நிஜமாகவும் இருக்கலாமே — இப்படியும் நினைத்தேன். நினைத்தது நான்தான்.

ஏப்ரல் 30, வெள்ளி

இருமல் இரண்டாவது மாடிவரை கேட்கிறது. போய்ச் சொல்லு, போய்ச் சொல்லுடி. என்ன பொம்பள நீ? கௌரவம் போயிடுமா? அந்த மனுஷன் போனா?

மே 1, சனி

மகள் காலை ஏழு மணிக்கே கூப்பிட்டாள். திட்டுவாள் என்று பார்த்தால் அழுகிறாள்.

"நேத்து மூணு பேரைக் கொண்டாந்தாங்கம்மா, மூச்சே விட முடியாம. ஏன் இத்தனை நாள் வச்சிருந்தீங்கன்னு கேட்டா போனை நீட்டறாங்க. உன் குரல்மா. யாருடா இந்தக் கிழவின்னு எல்லாரும் திட்டறாங்க. நான் வாயே திறக்கல." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "மூச்சு வாங்கினா அந்த நிமிஷமே கிளம்பணும்மா. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கிற மகளைக் கேட்காமல் வாசலுக்கு வந்த பால்காரரை நம்பினேன். பெற்ற பிள்ளை சொல்வது செய்தி மாதிரியே தோன்றுவதில்லை. அவளுக்கு மூக்கு துடைத்துவிட்டவள் நான்.

செருப்புக்கூடப் போடாமல் கீழே போனேன். சுவரில் நாலாவது கோடு விழுந்திருந்தது.

"தங்கச்சி, அது பேப்பர்ல வரல. நான் பழைய பேப்பரை உதறிட்டு, பால்காரர் சொன்னதைச் சொல்லிட்டேன். இப்பவே கூட்டிட்டுப் போ."

அவள் நம்பவில்லை. "இல்லக்கா, சத்தம் கேட்டுச்சே" என்கிறாள். எனக்காக வக்காலத்து வாங்குகிறாள்! மகளைப் போனில் பேச வைத்தேன். பேசப் பேச அவள் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. என்னைத் திட்டவில்லை. பார்க்கவும் இல்லை.

வண்டி வர ஐம்பது நிமிஷம். அவருடைய உதடு நீலமாக இருந்தது.

மே 2, ஞாயிறு

எட்டு மணிக்குக் குரூப்பில் சொன்னேன். எதையும் உதறவில்லை. ஆறு நாள் என்றது பொய், எந்தப் பேப்பரிலும் இல்லை, மூச்சு வாங்கினால் உடனே போங்கள், நான் தப்பு செய்துவிட்டேன் என்று சொன்னேன். இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. அழித்துவிட்டுத் திரும்பப் பேசலாமா என்று பேத்தி கேட்டாள். வேண்டாம் என்றேன்.

மூன்றாவது மாடி டிரைவர்: "சபாஷ் டீச்சரம்மா! இன்னும் என்னென்ன இப்படிப் படிச்சீங்க?" டீச்சர் கதை அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. கேள்வி நியாயமானது.

சம்பந்தியம்மாவுக்கும் அனுப்பி, அந்தக் குரல் என்னுடையதுதான், இதையும் தெரு பூராவும் அனுப்புங்கள் என்றேன். "அனுப்பறேன் சம்பந்தி, ஆனா இதுல புதுசா ஒண்ணும் இல்லையே, யாரு கேப்பா?" என்கிறார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை உட்கார்ந்திருக்கிறது, குளம்தான் கெட்டது.

மே 6, வியாழன்

அவருக்குக் குழாய் வழியாகத்தான் மூச்சு. மகள் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் விசாரித்துச் சொல்கிறாள். நான் அதைக் கூட்டாமல் குறைக்காமல் கீழே போய்ச் சொல்கிறேன். அவர் மனைவி கதவைத் திறக்காமல் கேட்டுக்கொள்கிறாள்.

அந்த மூன்று பேரில் ஒருவர் இல்லை என்று மகள் சொன்னாள். பெயரைக் கேட்கத் தைரியம் வரவில்லை. வயதைக் கேட்டேன். நாற்பத்தொன்று.

மே 7, வெள்ளி

நாற்பத்தொன்று.

மே 18, செவ்வாய்

அவரைக் கொண்டுவந்துவிட்டார்கள். இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். சட்டை மட்டும் பழைய அளவு, ஆள் பாதி.

மே 27, வியாழன்

ஒரு மாதத்துக்குப் பிறகு கீழே இஸ்திரிப் பெட்டியின் சத்தம். எட்டிப் பார்த்தேன். அவள் தேய்க்கிறாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து மடிக்கிறார். நாலு சட்டைக்கு ஒரு தரம் கையை முழங்காலில் ஊன்றி மூச்சு வாங்கிக்கொள்கிறார்.

பேப்பரோடு மேலே ஏறப்போனேன். "அக்கா" என்றாள். இருபத்தாறு நாள் கழித்து.

"பேப்பர் வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"இப்படிக் குடுங்க."

கொடுத்தேன். தேய்த்த துணியின் மேல் விரித்தாள். எழுத்தையெல்லாம் தாண்டி, மேலே மூலையில் விரலை வைத்தாள். இருபத்தேழு. திரும்பிச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். மறுபடி பேப்பரைப் பார்த்தாள். நான் பரீட்சைக்கு நிற்கிற பிள்ளை மாதிரி நின்றேன்.

பிறகு திருப்பிக் கொடுத்தாள். "சரி, படிங்க. இங்கேயே நின்னு படிங்க."