சிம்பன்சி எனக்குப் பங்காளியான சேதி

அன்புள்ள வாலுக்கு, சித்தப்பா எழுதுவது. நானும் சித்தியும் சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். உன் கடிதமெல்லாம் சித்தி பேருக்கே வருகிறது, எனக்கு ஒரு வரி கிடையாது, போகட்டும். இங்கே நடந்தது அத்தனையையும் பத்து வருஷத்துக்கு முன்பே சொன்னவன் நான். ஆனாலும் படபடப்பு அடங்கவில்லை.

மிருகக்காட்சிசாலையில் சிம்பன்சிக் கூண்டுக்கு முன்னால் வைக்க ஒரு பத்தடிப் பலகை, பெயின்ட்டில் படம் எழுத வேண்டுமாம். இந்தக் கை வேறு யாருக்கும் வராது என்று என்னைத் தேடி வந்தார்கள். மிருக டாக்டரம்மா தாளில் குரங்கு வம்சத்துக்கு ஒரு மரம் போட்டுத் தந்தார், முதலில் ஒராங்குட்டான் பிரிகிறது, அடுத்து கொரில்லா, கடைசிக் கிளையில் சிம்பன்சியும் மனுஷனும் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எழுதித் தருவதில் தப்பிருந்தால் கேட்காமலே திருத்துவது நம் கடை வழக்கம், உனக்கே தெரியும். பாவம், படித்த பிள்ளை அவசரத்தில் மாற்றிப் போட்டிருக்கிறது என்று கறுப்பு ரோமக்காரர்கள் இரண்டு பேரையும் ஜோடி சேர்த்து, மனுஷனுக்குத் தனிக் கிளை கொடுத்து, சட்டை பேன்ட்டோடு உச்சியில் நிறுத்தினேன்.

நேற்றுத் திறப்பு. துணியை விலக்கியதும் டாக்டரம்மா முகம் வெளுத்துப்போனது. "என்னண்ணே இது, சிம்பன்சிக்கு கொரில்லாவை விட நாமதான் கிட்டத்து சொந்தம். அது நம்ம தாத்தா இல்ல, பங்காளி" என்றார். ஆயிரம் பேர் நடுவில் எனக்குக் காது அடைத்துவிட்டது. பங்காளியா! எட்டாவது வரை படித்த எனக்கு யாரும் சொல்லவில்லையே! கூண்டைப் பார்த்தால் அது என்னை மாதிரியே பிடரியைச் சொறிந்துகொண்டு என்னையே பார்க்கிறது, கையை மெல்லக் கீழே இறக்கினேன், அதுவும் இறக்கியது. "எனக்குத் தெரியும்மா, கை தவறிடுச்சு" என்று சமாளித்தேன்.

இன்று கடையில் டர்பென்டைன் துணியால் அந்தத் தனிக் கிளையைத் துடைக்கும்போது கை நின்றுவிட்டது. இதே கடைச் சுவரில், டாக்டரம்மா தந்த அதே மரத்தை நீ சாக்பீஸால் போட்டாய், ஞாபகம் இருக்கிறதா? அதன் பிறகுதான் விடுதிக்குப் போனாய், அதிலிருந்துதான் எனக்கு எழுதுவதில்லை.

பலகை நாளை மறுபடி ஏறுகிறது, கடைசிக் கிளையை உன் சுவரில் இருந்தபடியே எழுதியிருக்கிறேன், லீவு போட்டு வந்து பார். குளிரில் காதை மூடிக்கொள். நூறு வயசு நன்றாக இரு. ஆயிரம் பேர் என்றது நாற்பது பேர் இருக்கும், அது கிடக்கட்டும். பத்து வருஷத்துக்கு முன்பே நான் சொன்னேன் என்றேனே, அது புளுகு. சொன்னது நீ. சொந்தக்காரர்கள் முன்னால் சிரித்துவிட்டு, இதே மாதிரி ஒரு துணியால் உன் மரத்தைத் துடைத்தது நான்.

உன் சித்தப்பா