நாரைக்காகப் பேசிய ஆங்கிலம்

மே, ஞாயிறு இரவு

காலையிலிருந்து ஏரிக்கரைச் சதுப்பு நிலங்களைச் சைக்கிளில் சுற்றி, விட்பி நகர் வரை போய் வந்தேன். தொடை வலிக்கிறது. தூக்கம் வராததற்குக் காரணம் அதுவல்ல.

வழியில் அஜக்ஸ் நகரின் கரையில் ஒரு தமிழ் அங்கிளும் அன்ரியும் கதிரை போட்டு உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து நாணலில் ஒரு நாரை அசையாமல் நின்றது. என்னோடு வந்த, பறவைகளைப் படமெடுக்கும் எங்கள் குழுவில் நான் மட்டும்தான் தமிழன். படத்தில் அவர்கள் விழுகிறார்கள் என்று மற்றவர்களுக்கு எரிச்சல். "உன் ஆட்கள்தானே, நீயே போய்ச் சொல்லு" என்றார்கள்.

போனேன். பறவைக்குத் தொந்தரவாக இருக்கிறது, எழும்புங்கள் என்று பொய் சொன்னேன். அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அங்கிள் தூண்டிலைச் சுருட்டத் தொடங்கினார்.

"இஞ்சாருங்கோ, ஏன் எழும்புறியள்? இது எல்லாருக்கும் பொதுவான இடம்தானே?" என்றார் அன்ரி.

"வாருமப்பா. பெடியன் எங்கட ஆள்தான். உவங்களுக்கு முன்னால வெட்கப்படுறான், பாவம்."

தமிழ் விளங்காதவன்போல நின்றேன்.

அவர்கள் போனதும் எங்கள் கமராக்கள் கரைக்கு இறங்கின. அவ்வளவு நேரமும் அசையாத நாரை உடனே பறந்துவிட்டது.

இந்த நகரத்தில் கரையும் பூங்காவும் எல்லாருக்கும் சொந்தம் என்று கூட்டங்களுக்கெல்லாம் போய்க் கத்துகிறவன் நான்.

அந்தக் கதிரைகளையாவது கார் வரை தூக்கிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அதற்குத் தமிழில் வாய் திறந்திருக்க வேண்டும்.