கூட்டறிக்கையில் நீ எழுதிய கடைசி வரி

இன்று காலை கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் நீ வேலை செய்த வார்ட்டில் நின்றேன். எனக்கு ஒன்றுமில்லை. மாணிக்கம் அண்ணனைக் கொண்டுபோனேன். இப்போது நான் வேலை செய்யும் நெல் ஆலையில் மூடை தூக்குகிறவர். நெல்லை மூடியிருந்த படங்கை இழுத்து உதறும்போது கணுக்காலில் புடையன் பாம்பு கடித்துவிட்டது. விசுவமடுவில் இருந்து ஓட்டோவில் வரும் வழி முழுக்க, "ஒன்னும் இல்ல தங்கச்சி, சின்ன பாம்புதான். என்னையப் பாத்து அதுதான் பயந்திருச்சு" என்று எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தார். அதற்குள் கால் வீங்கிவிட்டது.

அவருடைய இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்துப் பார்த்தார்கள். உறையவில்லை; விசம் ஏறிவிட்டது. "மருந்தைப் போடுங்கோ மிஸ்" என்றார் டொக்டர். தாதி இரண்டு எட்டு வைத்து மூலையில் இருந்த பிரிட்ஜைத் திறந்தார். விசமுறி மருந்துக் குப்பிகளை எடுத்தார். அவ்வளவுதான். அந்தக் கதவு திறந்த சத்தத்தில் எனக்கு நீ ஞாபகம் வந்தாய். அந்த மருந்து அந்தப் பெட்டிக்குள் இருப்பதற்கு நீதான் காரணம். அங்கே நின்ற ஒருவருக்கும் அது தெரியாது.

நீயும் நானும் ஒரே நாளில் தாதியர் பயிற்சிக்குப் போனோம். நீ முடித்தாய். நான் இரண்டாம் வருசம் விட்டுவிட்டு வந்தேன். ஒரு அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று சொன்னதற்கு, "உங்களிட்டை ஆர் கேட்டது?" என்றார் பெரிய டொக்டர். நான் திருப்பிக் கதைத்தேன், பையைக் கட்டினேன். பிறகு தையல் ஆலை, போன் கடை, இப்போது நெல் ஆலை. அதே பேச்சு உனக்கும் விழுந்தது. நீ போகவில்லை.

ஆஸ்பத்திரியின் மாதக் கூட்டத்துக்கு உன்னைக் கூப்பிட்டது உன் கருத்தைக் கேட்க இல்லை. உன் கையெழுத்து வடிவு. மூலையில் இருந்து கூட்டறிக்கை எழுத ஆள் வேண்டும். ஒரு கூட்டத்தில் முடிவெடுத்தார்கள், அடுத்த மாதம் முடியும்போது விசமுறி மருந்தை வார்ட்டில் இருந்து எடுத்துக் களஞ்சியத்தில் பூட்டி வைப்பது என்று. தேவைப்பட்டால் ஆள் அனுப்பி எடுக்கலாமாம். வார்ட்டில் சில குப்பிகள் திகதி முடிந்து வீணாகியிருந்தன, மருந்துக்கும் தட்டுப்பாடு. காரணத்தைப் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் களஞ்சியம் இருப்பது ஆஸ்பத்திரி வளவின் மற்றக் கரையில். கடிபட்ட ஆளை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நிற்கப் போவது நீ.

அன்று பின்னேரம் கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் தேத்தண்ணிக் கடையில் கூட்டறிக்கைக் கொப்பியை விரித்துக் காட்டினாய். முடிவுகளை இலக்கம் போட்டு எழுதியிருந்தாய். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி: "இத்தீர்மானம் பற்றித் தாதியரின் கருத்துக் கேட்கப்படவில்லை."

"எடியே, உனக்கென்ன விசரே? இதை ஆர் எழுதச் சொன்னது?" என்றேன்.

"நடந்ததை எழுதச் சொன்னவை. கேக்கேல்லை எண்டதும் நடந்ததுதானே."

"உன்னை எங்கையாவது காட்டுப் பக்கம் மாத்திப்போடுவாங்கள். கொப்பியை எறிஞ்சிட்டு வெளியிலை வா, என்னை மாதிரி."

"நீ வந்து என்னத்தைக் கண்டனி? உனக்கு மாசம் ஒரு முதலாளி." சிரித்துவிட்டுச் சொன்னாய்: "நானும் வந்தால் கடிபட்டு வாறதுகளை ஆர் பாக்கிறது?"

நான் உன் தட்டில் இருந்த வடையைத் தின்றேன்.

எந்தக் கூட்டத்திலும் முதலில் போன கூட்டத்தின் அறிக்கையை வாசிப்பார்கள். ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார். யாரும் காது கொடுப்பதில்லை. அடுத்த மாதம் நீ வாசித்துக்கொண்டு போய்க் கடைசி வரிக்கு வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பான வைத்திய அத்தியட்சகர் நிமிர்ந்தாராம்.

"மிஸ், அந்த வரியை எடுத்துவிடுங்கோ."

"எங்களைக் கேட்டனீங்களோ சேர்? கேட்டது எண்டால் இப்பவே வெட்டுறன்."

இதை எனக்கு நடித்துக் காட்டியபோதும் உன் கை நடுங்கியது. அவர் பேனையை மூடி வைத்துவிட்டு, "சரி, இப்ப கேக்கிறன். சொல்லுங்கோ" என்றாராம்.

நீ பிரசங்கம் செய்யவில்லை. "இந்த நிமிசம் ஒரு பாம்புக்கடி வந்தால் களஞ்சியப் பூட்டின்ரை திறப்பு எங்கை சேர்?" என்று மட்டும் கேட்டாய்.

எல்லோரும் களஞ்சியப் பொறுப்பாளரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார். மெல்ல எழும்பி, காற்சட்டைப் பொக்கெற்றில் இருந்து சாவிகள் குலுங்கத் திறப்புக் கோர்வையை எடுத்து மேசையில் வைத்தார்.

"என்னட்டைத்தான் கிடக்கு சேர். சாப்பிட வீட்டை போகேக்கையும் என்னோடைதான் வரும்."

யாரோ சிரித்தார்கள். அத்தியட்சகர் சிரிக்கவில்லை. திகதி முடிகிற மருந்துக்கு என்ன வழி என்று கேட்டார். திங்கட்கிழமைகளில் தாதியரே திகதி பார்ப்போம், முடியக் கிட்டினதை நேரத்தோடு களஞ்சியத்துக்குச் சொல்லி மாற்றுவோம் என்றாய். முதல் தடவை ஏற்ற வேண்டிய மருந்து வார்ட்டில், மிச்சம் களஞ்சியத்தில் என்று முடிவானது. இனிக் கூட்டத்தில் தாதியருக்கு ஒரு இடம் என்றும் முடிவானது. அந்த வரியோடு உன் அறிக்கையை வழிமொழிந்தது திறப்புக்காரர். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

போன வருசம் பளைப் பக்கம் மாடு குறுக்கே வந்து மோட்டார் சைக்கிளோடு விழுந்தாய். அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

மாணிக்கம் அண்ணனுக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது அந்தத் தாதியிடம் கேட்டேன்: "மிஸ், மாதக் கூட்டத்துக்கு இப்ப உங்களிலை ஆர் போறது?"

"ஒருத்தரும் இல்லை. முந்தி ஒரு மிஸ் போனவா. அவா செத்தாப் பிறகு எங்களைக் கூப்பிடேல்லை."

"நீங்கள் போய்க் கேட்டனீங்களோ?"

"கூப்பிடாமல் என்னெண்டு போறது?"

வழமையாக நான் அந்த இடத்தில் கத்திவிட்டு நடந்திருப்பேன். இன்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். உன் கதையை முழுக்கச் சொன்னேன். அவர் மருந்து ஏறும் வயரைப் பார்ப்பதும், என்னைப் பார்ப்பதுமாக நின்று கேட்டார்.

"எங்கடை பிரிட்ஜோ?" என்றார்.

"ஓம், உங்கடை பிரிட்ஜ்தான். உங்கடை இடமும் அங்கை சும்மாதான் கிடக்கு."

பிரிட்ஜைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "வாற வியாழக்கிழமை கூட்டம்" என்றார். "எனக்குக் கதைக்க வராது."

"அவாவுக்கும் கை நடுங்கினதுதான் மிஸ்."

அவர் போகிறேன் என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாணிக்கம் அண்ணனுக்குப் பின்னேரம் எடுத்த இரத்தம் உறைந்துவிட்டது. வியாழக்கிழமைக்கு முதலாளியிடம் லீவு கேட்டிருக்கிறேன். தந்தாலும் தராவிட்டாலும் வருவேன். அவர் கூட்டத்துக்குள் போய் அந்த இடத்தில் அமரும்வரை கூட்ட அறை வாசலை விட்டு நான் அசையப்போவதில்லை.